பழுதான கசெற், ஆறு ஸ்பீக்கர், ஆறு சோழி: இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

கேள்வி, யூன் 8

யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆறு ரேப் றெக்கோடர்களை வட்டமாக வைத்து, பழுதாய்ப்போன கசெற்றுகளை ஓடவிட்டு, எது கேட்க வேண்டும் எது கேட்கக் கூடாது என்பதைச் சோழி உருட்டி முடிவுசெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பழுதானது பழுதானதுதானே? திருத்தி நல்ல பிரதி எடுத்து வைப்பதை விட்டுவிட்டு, அந்த இரைச்சலை ஆறு பக்கத்தாலும் கேட்பதில் என்ன இருக்கிறது? சோழிதான் முடிவெடுக்கிறதென்றால் செய்தவருக்கு அதில் என்ன வேலை?

யூன் 8, இரவு

அந்த விறாந்தை எங்கள் சின்னம்மாவுடையது. றெக்கோடர்களை வைத்தது நான். ஆகவே நானே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நல்ல பிரதி எடுக்காமல் எதையும் ஓடவிடவில்லை. பறணில் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் 31 கசெற்றுகள் இருந்தன. கோயில் மேளச்சமா (நாதஸ்வர, தவில் கச்சேரி), றேடியோவில் போன நாடகங்களைப் பக்கத்தில் மைக் வைத்துப் பிடித்தது, ஒரு கலியாண வீட்டுச் சத்தம், அப்புறம் வெளிநாட்டுக்குக் கதைத்து அனுப்பிய கசெற்றுகள். ஒவ்வொன்றையும் கழுத்துப்பட்டி மாதிரி மடிந்த இடங்களை நீவி, பூஞ்சணத்தைத் துடைத்து, ரேப்பைத் தொட்டுச் சத்தத்தைப் படிக்கிற ஹெட்டின் சாய்வை அந்தந்தக் கசெற்றுக்கு ஏற்றபடி சின்னத் திருகாணியால் சரிப்படுத்தி, கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். இந்தச் சாய்வைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு செய்த றெக்கோடரின் ஹெட் ஒரு கோணத்திலும் போட்டுக் கேட்கிற றெக்கோடரின் ஹெட் இன்னொரு கோணத்திலும் இருந்தால் கூர்மையான சத்தமெல்லாம் மங்கிப்போகும். குரலில் ‘ச’, ‘ஸ’ தேய்ந்துவிடும். கால் சுற்றுத் திருப்பினாலே போதும், ஆள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருக்கும். பழுது என்று எறிந்த எத்தனையோ கசெற்றுகள் உண்மையில் பழுதே இல்லை.

அப்படித் திருத்திய பிறகும் திருந்தாத இடங்கள் இருந்தன. அவைதான் என்னைப் பிடித்துக்கொண்டன. ஒரு மேளச்சமாக் கசெற்றில் தவில் தனியாவர்த்தனம் வருகிற நாலு நிமிடம் மட்டும் மோசமாகத் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் வடிவாக இருக்கிறது. ஈரம் பட்டிருந்தால் ஏன் அந்த நாலு நிமிடத்தில் மட்டும் பட்டது? திருப்பித் திருப்பி அந்த இடத்துக்கு ஓட்டி, நிறுத்தி, மறுபடி கேட்டிருக்கிறார்கள். பெரியப்பா அப்படித்தான் கேட்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரேப்பின் மேலிருக்கும் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சு ஒவ்வொரு தரமும் ஹெட்டில் உரசிக் கொஞ்சம் கொட்டும். அந்தத் தேய்வில் இருப்பது பெரியப்பாவின் பிரியம். அதை எப்படிக் கழுவித் துடைப்பது?

மாமாவுக்கு 1993இல் அனுப்பிய கசெற்றில் அம்மம்மாவின் குரல் 70 வினாடி மிஞ்சியிருக்கிறது. மாமா ரொறன்ரோவிலிருந்து அதே கசெற்றில் தன் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்பினார். அவர் கதைத்தது குறைவு. அதனால் அவர் குரல் முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம், உடனே அம்மம்மா பாதி வசனத்திலிருந்து கதைக்கிறார். அந்த 70 வினாடிக்குள் குரல் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகிறது. ரேப் இழுபட்டு நீண்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

சோழியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

யூன் 10

ரேப்பை அடுப்பில் சூடாக்கினால் திருந்துமாமே என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது வேறு நோய்க்கு மருந்து. 1970களிலும் 80களிலும் வந்த சில பெரிய ஸ்பூல் ரேப்புகளில் ஒட்சைட்டைப் பிடித்து வைத்திருக்கும் பொலியுரித்தேன் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுக்கும், ஹெட்டில் ஒட்டிக் கீச்சிடும். அவற்றைக் கிட்டத்தட்ட 50 பாகை செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுத்தால் கொஞ்சக் காலத்துக்கு ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். சாதாரணக் கசெற்றுக்கு இந்தச் சிக்கல் அரிது. சூடாக்கினால் பிளாஸ்ரிக் கூடுதான் நெளியும். எங்கள் ஊர்க் கசெற்றுகளுக்கு மாரி ஈரமும் பூஞ்சணமும்தான் எதிரி. இன்னொன்று, ரேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு. அது பசை விட்டு விழுந்துவிடும். சத்தம் போய்விட்டது என்று நினைப்பீர்கள். வேறொரு வெறுங் கசெற்றிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டிப் பாருங்கள், குரல் திரும்பி வரும்.

யூன் 15

ஆறு றெக்கோடரிலும் ஓடுவது முழுக் கசெற் இல்லை, வளையங்கள். ரேப்பைத் துண்டாக வெட்டி நுனியோடு நுனி ஒட்டினால் அதே துண்டு சுற்றிச் சுற்றி வரும். கசெற் ரேப் வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடும். 5 வினாடி வளையத்துக்கு 23.8 சென்ரிமீற்றர் போதும், கூட்டுக்குள்ளேயே அடங்கும். 13 வினாடி என்றால் ஏறத்தாழ 62 சென்ரிமீற்றர். அதைக் கூட்டுக்கு வெளியே எடுத்து ஒரு நூல் கட்டையைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறேன். காற்று அடித்தால் ஆடும்.

நீளங்களை 5, 7, 8, 9, 11, 13 வினாடிகள் என்று வைத்தேன். ஆறும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி அதே நிலைக்கு வர 360,360 வினாடி. நாலு நாளும் நாலு மணித்தியாலமும் ஆறு நிமிடமும். பேரப்பிள்ளைகளுக்குப் பொது மடங்கு சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கணக்கு இல்லை. உண்மையில் அந்த நிலை வரவே வராது. ஒரு றெக்கோடர் இன்னொன்றின் வேகத்தில் ஓடுவதில்லை, றப்பர் உருளை தேய்ந்தது மெல்ல வழுக்கும்.

இந்த முறை புதிதில்லை. இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று வெளியிட்ட இசையில் இதைத்தான் செய்தார். பாடகிகளின் ஒற்றைச் சுரங்களை வேறு வேறு நீள வளையங்களாக்கினார், ஒன்று 23½ வினாடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று 25⅞ வினாடிக்கு. அவற்றைச் சேர்த்து ஓடவிட்டு, அவை தாமாகச் சந்திப்பதையும் விலகுவதையும் கேட்டார். அவருடையது சுத்தமான சுரங்கள். என்னுடையதில் ஒருவர் ‘தண்ணி வந்திட்டுதோ’ என்று கேட்பதும் ஒரு வளையம்.

அம்மம்மாவின் ரேப்பை வெட்டினீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை. மூலக் கசெற் எதையும் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன். கணினியில் ஏற்றியதை வெற்றுக் கசெற்றில் மறுபடி பதிந்து அதைத்தான் வெட்டினேன். அந்தப் பிரதி வளையங்களும் ஓட ஓடத் தேய்கின்றன. இரண்டு கிழமையில் 5 வினாடி வளையம் மங்கத் தொடங்கிவிட்டது. மற்றதை விட அதுதான் கூடத் தரம் ஹெட்டைக் கடக்கிறது.

யூன் 16

‘அமெரிக்காவில் ஒருவர் வேண்டுமென்றே ரேப்பைப் பழுதாக்கிப் பேர் வாங்கினார்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கியைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அது சரியில்லை. அவர் 1982இல் செய்த வளையங்களை 2001இல் பத்திரப்படுத்தத்தான் டிஜிற்றலுக்கு மாற்றினார். மாற்றும்போதே ஒட்சைட் உதிர்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் இசை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை, கடைசி வரை பதிந்தார். காப்பாற்றப் போன இடத்தில் நடந்த சாவு அது. அவர் மேல் பழி போடக் கூடாது.

யூன் 29

சோழி.

தற்செயலை வைத்து ரேப்பில் செய்தவர்களில் முதலில் பேச வேண்டியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜோன் கேஜ். 1952இல் அவர் செய்த ‘வில்லியம்ஸ் மிக்ஸ்’ எட்டு ரேப்புகள் ஒரே நேரத்தில் ஓடுகிற படைப்பு. ஏறக்குறைய 600 ஒலிகளை நகரம், நாட்டுப்புறம், மின்னணு ஒலி, கையால் எழுப்பியது, காற்றால் எழுப்பியது, பெருக்கினால்தான் கேட்கிற சின்னச் சத்தம் என்று ஆறு வகையாகப் பிரித்தார்கள். எந்த ஒலி, எவ்வளவு நீளம், எந்தக் கோணத்தில் வெட்டுவது எல்லாவற்றையும் சீனர்களின் ஐ சிங் என்ற குறி பார்க்கிற பழைய நூலின் முறைப்படி காசு சுண்டித் தீர்மானித்தார். மூன்று காசை ஆறு தரம் சுண்டினால் 64 குறிகளில் ஒன்று வரும். பிளேட்டால் வெட்டி ஒட்டுகிற வேலை மாதக் கணக்கில் நடந்தது. கிடைத்தது நாலே கால் நிமிடம்.

கேட்டவர் ‘செய்தவருக்கு என்ன வேலை’ என்றீர்களே, இதுதான் வேலை. காசு பதில் மட்டும் சொல்லும். கேள்வியை ஆள்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் காசு சுண்டத் தேவையில்லை, சிவராத்திரிக்கு விழித்திருந்து தாயம் விளையாடிய ஆறு சோழிகள் இருக்கின்றன. ஆறையும் உருட்டி, வாய் மேலே பார்த்து விழுந்தவற்றை எண்ணுவோம். ஒன்று விழுந்தால் முதலாம் றெக்கோடர், இரண்டு விழுந்தால் இரண்டாவது, இப்படி ஆறு வரை. எல்லா வளையமும் எப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும், எண் வந்ததற்கு மட்டும் 30 வினாடி ஸ்பீக்கரைத் திறப்போம். ஒன்றுமே வாய் பார்க்காவிட்டால் 30 வினாடி மௌனம். அப்போது றெக்கோடர்களின் மோட்டர் ஓடுகிற சத்தமும் கிணற்றடிச் சத்தமும் கேட்கும்.

நூறு தரம் உருட்டி எழுதிப் பார்த்தேன். மூன்றும் நாலும்தான் பாதிக்கு மேல். அதில் ஆச்சரியமில்லை, ஆறு சோழியும் நேர்மையாக விழுந்தால் 64 விழுகைகளில் மூன்று வர 20 வழி, நாலு வர 15 வழி, ஆறு வர ஒரே ஒரு வழி. பெரியவர்கள் ஆறு விழுந்தால் கூவுவது சும்மா இல்லை. நான் அம்மம்மாவின் குரலை ஆறில் வைத்திருக்கிறேன். அரிதாக வரட்டும்.

யூலை 2

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, எங்களுக்கு எதற்கு’ என்ற கருத்துக்கு.

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது யாருடையது? வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். தேவார ஏட்டுக்குள் கயிறு சாத்திப் பார்க்கிற வழக்கமும் சைவர்களிடம் இருக்கிறது. கண்ணை மூடிக் கயிற்றைச் செருகி, வந்த பக்கத்துப் பதிகத்தைப் பாடுவார்கள். அங்கே வருகிறதைத் தற்செயல் என்று எவரும் சொல்வதில்லை. தனக்கு வந்த பாட்டு என்றுதான் சொல்வார்கள்.

கேஜ் வேண்டியது இதற்கு நேரெதிர். தன் விருப்பும் நினைவும் ஒலிக்கு மேல் ஏறி உட்காரக் கூடாது என்பதற்காகவே காசைச் சுண்டினார். அந்த விருப்பத்தை மதிக்கிறேன், அந்த ஒழுக்கத்திலிருந்துதான் கனக்கப் படித்தேன். ஆனால் எங்கள் ரின்னுக்குள் இருப்பவை முழுக்க நினைவு. அவற்றை எந்தச் சோழியாலும் யாருடையதுமில்லாத ஒலியாக்க முடியாது. சோழி விழ, ‘இது ஏன் இப்போ வந்தது’ என்று விறாந்தையில் இருக்கிற எல்லோரும் நினைக்கிறார்கள். அதை நான் தடுக்கப் போவதில்லை.

யூலை 14

நேற்றுப் பின்னேரம் முதல் முறையாக ஆட்களை இருத்திக் கேட்டோம். ஒன்பது பேர். கதிரைகளை நடுவில் போட்டு, முதுகோடு முதுகு பார்க்க இருத்தினேன். 40 நிமிடம், 80 தரம் உருட்டல்.

முன்பக்கத்தில் ஒரு குரல் கேட்டு நிற்க, முதுகுக்குப் பின்னால் தவில் ஒன்று எழும்பும். தலை தானாகத் திரும்பும். ஒரே ஸ்பீக்கரில் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகிவிடும். திசை வேறானால் காது பிரித்து வைத்துக் கேட்கிறது. எங்கள் வீடுகளில் நாங்கள் கேட்பதே அப்படித்தான்: குசினியில் ஒருவர், படலையில் ஒருவர், கோயில் லவுட்ஸ்பீக்கர் தூரத்தில். ஆறு ஸ்பீக்கர் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

ஆறு விழவேயில்லை. அம்மம்மா வரவில்லை. 64 உருட்டலுக்கு ஒன்று என்றால் சராசரி 32 நிமிடத்துக்கு ஒருமுறை. 80 உருட்டலில் ஒருமுறைகூட வராமலிருக்க நாலில் ஒன்றுக்குக் கூடவே வாய்ப்பு இருக்கிறது. கணக்கு எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் கடைசிப் பத்து நிமிடம் நான் வேறு எதையுமே கேட்கவில்லை, சோழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றும் கதைக்காமல் எழும்பிப் போனார்.

இது பிழை. அரிதாக வரட்டும் என்று நான் எழுதியது பிழை. மற்ற ஐந்து வளையத்தையும் வெறும் காத்திருப்பாக ஆக்கிவிட்டேன்.

யூலை 15

பெரியப்பாவின் பேரன் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பள்ளிக்கூடப் பொடியன். நேற்று அவன் கேட்டான்: “ஏன் எண்ணுறியள்? ஒவ்வொரு சோழியையும் ஒவ்வொரு றெக்கோடருக்குக் குடுக்கலாமே.”

நகப்பூச்சால் ஆறு நிறம் அடித்துவிட்டோம். சிவப்புச் சோழி வாய் பார்த்தால் சிவப்பு றெக்கோடர் திறக்கும், கவிழ்ந்தால் மூடும். ஆறு சோழி, இரண்டு நிலை, 64 சேர்க்கை, ஒவ்வொன்றுக்கும் சமமான வாய்ப்பு. ஐ சிங்கின் 64 குறியும் இதே கணக்குத்தான், ஆறு கோடு, ஒவ்வொன்றும் முழுசாக அல்லது முறிந்து. இரண்டு கிழமையாகக் கேஜைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றியது. இப்போது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஸ்பீக்கர் திறக்கும், குரல்கள் ஒன்றையொன்று சந்திக்கும். எண்ணிக்கை முறையில் அது நடக்க வழியே இருக்கவில்லை.

சோழிக்கு முதுகும் வாயும் ஒரே பாரமில்லை, சரிபாதியாக விழாது என்று எழுதியவருக்கு: உண்மை. பச்சைச் சோழி கொஞ்சம் கூடக் கவிழ்கிறது. அதை மாற்றவில்லை.

யூலை 16

பருத்தித்துறையிலிருந்து ஒருவர் என் முதல் குறிப்பைத் திருத்தியிருக்கிறார். ரேப் இழுபட்டு நீண்டிருந்தால் அதே சத்தம் கூட நீளத்தில் பரவியிருக்கும், ஹெட்டைக் கடக்கக் கூட நேரம் எடுக்கும், ஆகவே சுருதி இறங்க வேண்டும், ஏறக் கூடாது என்கிறார். அவர் சொல்வது சரி. யோசிக்காமல் எழுதிவிட்டேன். அப்படியென்றால் அம்மம்மாவின் குரல் ஏன் ஏறுகிறது? வேறு நாலு றெக்கோடரில் போட்டுப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஏறுகிறது. தம்பூராவோடு வைத்துப் பார்த்தேன், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் இரண்டு அரைச்சுரம். வேகத்தில் 12 வீதம்.

யூலை 27

இடையில் ஒரு கோபம். மேளச்சமாக் கசெற் ஒன்றைப் போன வருசம் ஒரு கடையில் சீடியாக மாற்றக் கொடுத்திருந்தேன். இப்போதுதான் மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்டேன். இரைச்சல் நீக்குகிற மென்பொருளால் வழித்துத் துடைத்திருக்கிறார்கள். ரேப்பின் ‘ஸ்ஸ்’ போயிருக்கிறது, கூடவே தவிலின் வலந்தலையில் விரல் படுகிற கூர்மையும் போயிருக்கிறது. நாதஸ்வரம் தண்ணீருக்குள் ஊதினதுபோல இருக்கிறது. துடைத்தவர் நல்லது செய்ததாகத்தான் நினைத்திருப்பார். ஆனால் என்ன எடுத்தோம் என்று அவர் சொல்லவில்லை, மூலம் பத்திரமாக இருந்தபடியால் தப்பியது. தயவுசெய்து, யாரிடம் கொடுத்தாலும் துடைக்காத பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கசெற்றை எறிந்துவிடாதீர்கள்.

ஓகஸ்ட் 4

இன்று தெரிந்தது. ஆறுதலாக எழுதுகிறேன்.

மத்தியானம் சின்னம்மா குசினியில் இருந்தார். நான் விறாந்தையில் அந்த 70 வினாடியை மறுபடி மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ, ஈரக் கையோடு வந்து நின்றார்.

“உது ரேப் பழுதில்லைப் பிள்ளை. நான் களைச்சுப்போனன்.”

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி உள்ளே வரவிடாத சாமான். பாட்டுக் கேட்க எல்லா வீட்டிலும் செய்தது ஒன்றுதான்: சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுப்பது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், நாலு பற்றரி போடுகிற றெக்கோடரும் 6 வோல்ற். டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட் போடுவார்கள். இது எனக்கும் தெரிந்த கதைதான். நான் நினைத்திருந்தது பாட்டுக் கேட்க மட்டும் என்று. பதிவதற்கும் அப்படித்தானே செய்திருப்பார்கள் என்பது இன்றுவரை தோன்றவில்லை.

அம்மம்மா மைக்குக்கு முன்னால் இருந்து மகனோடு கதைத்துக்கொண்டிருக்க, 15 வயதுச் சின்னம்மா பின்னால் நின்று பெடல் சுற்றியிருக்கிறார். அம்மம்மா கதையை நிறுத்தவில்லை. கை ஓய, டைனமோ குறைய, மோட்டர் மெதுவாக, ரேப் மெல்ல ஓடியிருக்கிறது. மெல்ல ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் விரைந்து மேலே ஏறும். 12 வீதம் என்றேனே, வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டிய ரேப் முடிவில் 4.24 தான் ஓடியிருக்கிறது. அந்த வித்தியாசம் சின்னம்மாவின் வலது கை.

நடுவில் ஓரிடத்தில் சுருதி சட்டென்று கீழே வந்து மறுபடி ஏறும். அதைக் காட்டிக் கேட்டேன். “அதிலை கை மாத்தினனான்” என்றார்.

இரண்டு மாதமாக அதைப் பழுது என்று எழுதி வந்திருக்கிறேன். பழுது என்று பெயர் வைத்துத்தான் சோழிக்குக் கொடுத்தேன். பெரியப்பாவின் தவிலைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, இதில் அதே பிழையை விட்டிருக்கிறேன். அங்கே தேய்வு கேட்டவருடையது, இங்கே ஏற்றம் பதிந்தவருடையது. இரண்டும் ரேப்புக்குத் தற்செயலாக நடந்தவை இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது இந்த ரின் பறணிலேயே கிடந்தது. 1996இல் திரும்பி வந்தபோது ஓடு உடைந்து மழை ஒழுகியிருந்தது. ரின்னின் ஒரு பக்கம் கறள். அந்தப் பக்கம் இருந்த ஏழு கசெற்றில் பூஞ்சணம். இந்தக் கசெற் மற்றப் பக்கம் இருந்தது. தற்செயல் என்று நான் ஒப்புக்கொள்வது இதை மட்டும்தான்.

ஓகஸ்ட் 17

நல்லூர்த் திருவிழா நடக்கிறது, ஒழுங்கையெல்லாம் சனம், இப்போதைக்கு ஒன்றும் ஓடவிடவில்லை. இரவில் மேளத்தைக் கேட்டு வந்து கசெற்றைப் போட்டுப் பார்க்கிறேன்.

அந்தக் காலக் கசெற்றுகளில் தவில் அடங்கினவுடன் பின்னாலிருந்து ஓர் இரைச்சல் மேலே எழும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். கோயில் வீதியில் ஆட்கள் மூச்சு விடுவதுபோல இருக்கும். அது றெக்கோடரின் வேலை. சத்தம் கூடினால் தானாகக் குறைத்து, குறைந்தால் தானாகக் கூட்டுகிற சுற்று உள்ளே இருக்கிறது. தவில் விழுந்தவுடன் பதறிக் குறைக்கும், நாதஸ்வரமும் சேர்ந்து அமுங்கும். தவில் நின்றால் மெல்ல மெல்லத் திறக்கும், தூரத்துச் சனக் கதை, குழந்தை அழுகை, கச்சான்காரர் எல்லாம் உள்ளே வரும். கச்சேரி மண்டபத்தில் நல்ல மைக் வைத்துப் பதிந்திருந்தால் இவை ஒன்றும் வந்திராது.

தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். எங்கள் இணுவிலில் பிறந்தவர். அவர் வாசித்தது என்று கை மாறி வருகிற கசெற்றுகள் பிரதியின் பிரதியின் பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் ரேப்பின் இரைச்சல் ஒரு பங்கு சேரும், முதல் பிரதியிலேயே இரைச்சலின் சக்தி இரட்டிப்பாகும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவருடைய கை வருகிறது பாருங்கள், அதைக் கேட்கப் பழகிய காதுகள் இந்த ஊரில் நிறைய. ‘பழுதானது பழுதானதுதானே’ என்று வந்த கேள்விக்கு இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நாங்கள் ஐம்பது வருசமாக அதைத்தான் கேட்கிறோம்.

ஓகஸ்ட் 31

மாற்றியதைச் சொல்கிறேன். ஐந்து வளையம், ஐந்து சோழி, 32 சேர்க்கை. ஆறாவது றெக்கோடர் சோழிக்கு இல்லை. அதில் அம்மம்மாவின் 70 வினாடி வளையமாக இல்லாமல் நேராக ஒருமுறை மட்டும் ஓடும். எப்போது என்பதைச் சின்னம்மா முடிவுசெய்வார், விசை அவர் கையில். அழுத்தாமலும் விடலாம்.

‘அப்போ இது தற்செயல் படைப்பு இல்லையே’ என்று இங்கே யாரோ எழுதப்போகிறீர்கள். பாதி இல்லைதான். எதைத் தற்செயலுக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரிப்பதற்கே எனக்கு மூன்று மாதம் எடுத்தது. கடைசியில் எனக்கு இருந்த வேலை அதுதான்.

இன்று பின்னேரம் கேட்டோம். பதினொரு பேர். எல்லோரும் இருந்து, முதல் உருட்டலில் சிவப்பும் நீலமும் வாய் பார்க்க, தவிலும் ‘தண்ணி வந்திட்டுதோ’வும் தொடங்கின. அடுத்த உருட்டலுக்கு முதலே சின்னம்மா விசையை அழுத்திவிட்டார். தவிலின் நடுவில் மாமா, டக், அம்மம்மா. குரல் ஏறி ஏறி நின்றது. அவர் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார். மிச்சம் 38 நிமிடமும் குசினியில் கோப்பைச் சத்தம் ஏழாவது ஸ்பீக்கராகக் கேட்டது. நாங்கள் ஐந்தையும் கடைசி வரை கேட்டோம், இந்த முறை உண்மையாகவே கேட்டோம். பச்சை கனநேரம் கவிழ்ந்தே கிடந்தது.

செப்ரெம்பர் 2

11 வினாடி வளையம் இன்று ஒட்டில் அறுந்துவிட்டது. நுனியைச் சீராக்கி மறுபடி ஒட்ட 1 சென்ரிமீற்றர் போனது, 0.21 வினாடி. இனி யூன் 15ஆம் திகதி எழுதிய நாலு நாள் கணக்குச் செல்லாது. போன துண்டில் கலியாண வீட்டுக்காரர் ஒருவரின் ‘வா’ இருந்தது. ‘வாங்கோ’ இப்போது ‘ங்கோ’ என்று கேட்கிறது. துண்டை ஒட்டுத்தாளில் ஒட்டி ரின்னுக்குள் வைத்திருக்கிறேன்.

கசெற்றுப் பஞ்சு யாரிடமாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், நாலு தேவை.